மகளின் கோடை விடுமுறையும் பன்னிரண்டாயிரம் ரூபாயும்

வணக்கம் ஐயா. பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளை, பன்னிரண்டாயிரம் ரூபாய் கட்டி பதினைந்து நாள் 'பயோடெக் இன்டர்ன்ஷிப்' அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். திரவத்தை அளந்து எடுக்கும் பைப்பெட்டைச் சரியாகப் பிடிக்கவும், நுண்ணுயிர் வளர்க்கும் மீடியாவைக் கலக்கி, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கவும் கை பழகுவதற்கே இரண்டு வாரம் போய்விடும். அதற்குள் ஊருக்குக் கிளம்பும் பிள்ளையிடம் மிஞ்சுவது ஒரு சான்றிதழும் குரூப் போட்டோவும்தான். எம்.எஸ்சி. நேர்காணலில் "அங்கே என்ன செய்தாய்?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது.

காசு கொடுத்துக் கூப்பிடும் இடங்களே இருக்கின்றன. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் கீழ் வேலை. உதவித்தொகையும் ரயில் கட்டணமும் உண்டு. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையமும் இப்படி மாணவர்களை எடுக்கிறது. அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் உதவித்தொகையை மகள் வாங்குகிறாள் என்றால், ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கியது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இவற்றுக்கெல்லாம் போட்டி அதிகம்தான். அதனால் நேரடியாக மெயில் எழுதவும் அவள் பழக வேண்டும். "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

கொசு போன்ற நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த ஆய்வு செய்யும் புதுச்சேரி வி.சி.ஆர்.சி. மையத்தை எடுத்துக்கொள்வோம். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ளே இருந்தால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது குறையும். அப்படிப்பட்ட கொசுக்களை அங்கே வளர்த்திருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். அதைப் படித்துவிட்டு, "நம் ஊர் மே மாத வெயிலில் அந்த பாக்டீரியா கொசுவுக்குள் தாக்குப்பிடிக்குமா?" என்று கேட்டு நாலு வரி எழுதட்டும். வெப்பம் கூடினால் சில வோல்பாக்கியா வகைகள் குறைந்துவிடும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே அது வெறும் கேள்வி இல்லை. அதற்குக் கீழே தான் கல்லூரியில் படித்த பாடங்கள், வரக்கூடிய தேதிகள், அவ்வளவு போதும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதோடு விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதலாம்.

ஐயா, ஒன்று. மெயிலை மகளே எழுதட்டும். அப்பா போன் போட்டுப் பேசினால் பேராசிரியர்களுக்குப் பிடிக்காது.

பெங்களூரு என்றதும் தங்குமிடத்தை நினைத்துக் கவலைப்படுவீர்கள். தேர்வான கடிதம் வந்ததும் முதல் வேலையாக விடுதி உண்டா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் தருவதில்லை. விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஆண்டுக் கடைசியில் வரும், செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் தேவைப்படும் என்பதால், துறைத் தலைவரிடம் அக்டோபரிலேயே சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.