பனிக்காலப் பின்னேரமும் தோல்-ரோஜா வாசமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வளைகுடா நாடொன்றில் வாசனைத் திரவியக் கடையில் பதினொரு ஆண்டுகள் நின்றுவிட்டு வவுனியாவுக்குத் திரும்பியவன் நான். மார்கழி பிறந்தால் எனக்கு வரும் கேள்விகள் ஒரே பக்கம் சாய்ந்துவிடும். தையில் கலியாணங்கள் வரிசை கட்டி நிற்கும். வெளிநாட்டு உறவுகள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். பெட்டிக்குள் ஒரு கனத்த போத்தலும் இருக்கும். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகையைப் பற்றியவை: கறுவா, கராம்பு, மிளகுக் காரத்தோடு பதனிட்ட தோலின் மணமும் ரோஜாவும் கலந்த வாசம்.

கனடாவிலிருந்து வந்த சித்தப்பா தோல்-ரோஜா வாசப் போத்தல் ஒன்று தந்தார். அங்கே அவர் போட்டால் எல்லோரும் பெயர் கேட்பார்களாம். நான் போட்டுக்கொண்டு பகல் பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். பக்கத்தில் இருந்தவர் யன்னலைத் திறந்தார். குறை போத்தலிலா, என்னிலா? – பரந்தன்

இரண்டிலும் இல்லை தம்பி, வெயிலில். வாசம் என்பது உடலின் சூட்டில் ஆவியாகி எழுவது. சூடு கூடினால் ஆவியும் விரைந்து எழும். உறைபனியில் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு நடக்கிற மனிதரிடமிருந்து அது கசிந்து கசிந்துதான் வெளியே வரும். அந்தக் குளிரையும் தாண்டி மூக்கை எட்ட வேண்டும் என்றுதான் இந்த வகையைக் கனமாகக் கட்டுகிறார்கள். அதே கனத்தைப் பரந்தன் வெயிலில், ஆள் நெரிசலில், வியர்வையோடு அவிழ்த்துவிட்டால் இரவு வரை வரவேண்டியது ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடும். யன்னலைத் திறந்தவரைக் கோபிக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் இதற்கென்று ஒரு சின்னக் காலம் உண்டு. மாரி மழை ஓய்ந்து, மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதிலிருந்து மாசி வரை. அதுவும் பொழுது சாய்ந்த பிறகு. இரணைமடுக் குளக்கட்டில் அந்த நேரத்துக் காற்று முகத்தில் பட்டால் சால்வையைத் தேடுவோம் அல்லவா, அப்போது இதைப் போட்டுப் பாருங்கள். சித்தப்பா நான்கு முறை அடித்தால் நீங்கள் ஒரு முறை. கழுத்தில் வேண்டாம், நெஞ்சில் அடித்து மேலே சேர்ட்டைப் போடுங்கள். அரை மணித்தியாலம் கழித்துப் புறப்படுங்கள். முதலில் எழும் மிளகுக் காரம் வீட்டோடு அடங்கிவிடும். கலியாண வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ரோஜாவும் தோலும் மட்டும் உங்களோடு இருக்கும். வான், ஆஸ்பத்திரி, ரியூசன் வகுப்பு போன்ற அடைத்த இடங்களுக்கு எந்தக் காலத்திலும் இது வேண்டாம்.

இதில் மாட்டுத் தோல் கலந்திருக்கிறதா, ஐயா? அம்மா சைவம். போத்தலைச் சாமி அறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்கிறார். – புதுக்குடியிருப்பு

அம்மாவிடம் சொல்லுங்கள், தோல் இல்லை. தோலிலிருந்து யாரும் அத்தர் வடிப்பதில்லை. புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் வருகிற மணமே உண்மையில் தோலின் சொந்த மணம் அன்று. பதனிடப் பாவித்த பட்டை, எண்ணெய், புகை ஆகியவற்றின் மணம். மழைக்காலக் கலியாணத்தில் தவில் வாரிலிருந்து எழுமே ஈரமும் புகையுமாக ஒன்று, அதைப் பக்கத்தில் இருந்து முகர்ந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ரஷ்யாவில் பேர்ச் என்ற மரத்தின் பட்டையைக் காற்றுப் படாமல் எரித்துத் தார் எடுப்பார்கள். நம் ஊரில் கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு வேலை முறை உடனே பிடிபடும். தண்ணீரும் பூச்சியும் அண்டாமல் இருக்க அந்தத் தார் எண்ணெயைத் தோலுக்குப் பூசினார்கள். காலப்போக்கில் அந்தப் புகை மணமே ‘தோல் மணம்’ என்று மூக்குகளில் பதிந்துவிட்டது. வாசனைக்காரர்கள் பாவிப்பதும் அதைத்தான், இப்போது சுத்திகரித்து. அதோடு ஐசோபியூட்டைல் குவினோலின் என்ற செயற்கைப் பொருள். கசப்பும் பச்சையுமாகக் கடிக்கும், ஒரு துளி கூடினால் முழுப் போத்தலும் பாழ். பிறகு சிஸ்டஸ் என்ற செடியிலிருந்து வரும் லப்டனம் என்ற பிசின். பழைய நாளில் பீவர் என்ற விலங்கின் சுரப்பியிலிருந்து எடுத்த பொருளும் சேர்ந்தது. இன்று பெரும்பாலும் அதற்கும் செயற்கை மாற்றுத்தான்.

தோலுக்கும் வாசத்துக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சின் கிராஸ் நகரம் முதலில் தோல் பதனிடும் ஊர். கையுறைகளின் வீச்சத்தை மறைக்கப் பூ மணம் ஏற்றப்போய், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மெல்ல மெல்ல வாசனைத் தொழிலின் தலைநகராகிவிட்டது.

ஆனாலும் சாமி அறை விடயத்தில் நான் அம்மாவின் பக்கம். சாம்பிராணியும் கர்ப்பூரமும் இருக்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை?

ரோஜா மணம் ஆண்பிள்ளைக்குச் சரியா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். – மல்லாவி

அந்த நண்பர்கள் கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்புக்குத் தலை குனிந்தவர்கள்தானே? பன்னீர் என்ன பூவிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். அரபு நாடுகளில் கடைக்கு வந்து ரோஜா அத்தரைக் கையில் தடவிப் பார்த்து, விலை பேசி வாங்கிப்போன ஆண்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். மறுபக்கம், தோல் வாசத்தில் பெயர்பெற்ற ‘பாண்டி’ (Bandit) என்ற பிரெஞ்சு சென்ற், 1944இல் ஜெர்மேன் செலியே என்ற பெண் பெண்களுக்காகக் கட்டியது. ஆண், பெண் என்று பெட்டியில் எழுதுவது கடை அலுமாரியைப் பிரிக்க மட்டும்.

பன்னீர் நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. ரோஜா சென்ற் மட்டும் ஏன் இந்த விலை? – நெடுங்கேணி

பல்கேரியாவின் கசன்லிக்கிலும் துருக்கியின் இஸ்பார்த்தாவிலும் வைகாசி-ஆனி விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பூக்களைக் கையால் பறிக்கிறார்கள். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 3,000 முதல் 4,000 கிலோ வரை பூ வேண்டும். வடிக்கும்போது ரோஜாவின் மென்மையான பகுதி தண்ணீரில் கரைந்து தங்கிவிடுகிறது; நல்ல பன்னீரின் மணம் அதுதான். தேனும் காரமுமான பகுதி எண்ணெயில். கடைப் பன்னீரில் பல, தண்ணீரில் செயற்கை மணம் கலந்தவை. விலை கூடிய போத்தல்களிலும் உண்மையான எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கும். பணத்தின் பெரும் பங்கு கண்ணாடிக்கும் விளம்பரத்துக்கும் போகிறது.

வீட்டில் கறுவாவும் கராம்பும் இருக்கின்றன. எண்ணெய் வாங்கி ரோஜா அத்தரோடு கலந்து நானே செய்யலாமா? – மாங்குளம்

தயவுசெய்து வேண்டாம் தங்கச்சி. இருபது வயதில் இந்தக் கெட்டித்தனத்தை நானும் செய்தேன். கறுவா எண்ணெயைக் கழுத்தில் நேரே தடவிக்கொண்டு நண்பனின் கலியாணத்துக்குப் போனேன். தாலி கட்டுமுன் கழுத்து எரிந்தது. மறுநாள் பனங்காய் நிறம். ஒரு கிழமை சேர்ட் கொலர் போட முடியவில்லை. பட்டை எண்ணெயில் சினமல்டிகைட்டும் கராம்பு எண்ணெயில் யூஜினோலும் மிக அதிகம். இரண்டும் தோலைச் சுடும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்தால் பிறகு கறுவா மணக்கும் பற்பசைகூடச் சேராமல் போகலாம். தொழிற்சாலைகளில் இவற்றுக்கு வரம்பு வைத்துத்தான் கலக்கிறார்கள். ஆசை தீர வேண்டுமானால் கறுவாப் பட்டை, கராம்பு, காய்ந்த ரோஜா இதழ் மூன்றையும் மெல்லிய துணியில் முடிந்து சேலை அலுமாரிக்குள் வையுங்கள்.

பத்து நிமிடத்தில் மணம் போய்விடுகிறது. போலியா? – ஒட்டுசுட்டான்

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். மூக்கு தன் மணத்தை விரைவில் மறந்துவிடும். குளத்துக் கரையில் குடியிருப்பவனுக்குச் சேற்று மணம் தெரியாது. அவர்களுக்கும் தெரியவில்லை என்றால், அடிக்குமுன் அந்த இடத்தில் மணமில்லாத கிறீம் கொஞ்சம் பூசிப் பாருங்கள். காய்ந்த தோலில் எதுவும் நிற்காது.

லண்டனிலிருந்து அத்தை பார்சலில் அனுப்பலாமா? – முல்லைத்தீவு

விமானத் தபாலில் வேண்டாம். தீப்பிடிக்கும் திரவம் என்று நிறுத்திவிடுவார்கள். வருகிற ஒருவரின் சூட்கேசில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். கைப்பையில் என்றால் பல விமான நிலையங்களில் போத்தல் 100 மில்லிலீற்றருக்கு மேல் போகக் கூடாது.

இரண்டு வருடப் போத்தல் தேயிலைச் சாயம் போலக் கறுத்துவிட்டது. எறியவா? – செட்டிகுளம்

முகர்ந்து பார்க்காமல் எறிய வேண்டாம். வனிலா சேர்ந்தவை தாமாகவே கறுக்கும். வினாகிரி போலப் புளித்தால் மட்டும் எறியலாம். தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் ஓரத்தில் வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன். பெட்டியோடு அலுமாரியின் அடித்தட்டுக்கு மாற்றுங்கள். கறுத்ததை வெள்ளை வேட்டியில் மட்டும் அடித்துவிடாதீர்கள், கறை போகாது.