வியட்நாமின் டோங் வான் மலையூருக்கு எப்போது, எப்படிச் செல்வது? அங்கே என்ன பார்க்கலாம்?

ஹனோயிலிருந்து சுமார் 300 கி.மீ. பேருந்தில் சென்று ஹாஜியாங்கை அடைந்து, அங்கிருந்து மலைச்சாலையில் ஏற வேண்டும். 1949 சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி இந்தியா வழங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை வியட்நாம் ஏற்பதில்லை என்பதால், உள்ளூர் ஓட்டுநரின் பைக்கில் பின்னால் அமர்ந்து செல்வதே சரி.

ஞாயிறு காலையில் டோங் வானில் இருக்குமாறு திட்டமிடுங்கள். சுற்றுமலைகளின் ஹ்மோங், லோ லோ மக்கள் அன்றுதான் சந்தைக்கு இறங்கி வருகிறார்கள். மக்காச்சோள மாவை இருமுறை ஆவியில் வேகவைத்த 'மென் மென்' உணவை அங்கே அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள். சுண்ணாம்புப் பாறையின் குழிகளில் மண்ணை நிரப்பி, விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றி விளைவித்த மக்காச்சோளம் அது.

ஹ்மோங் பெண்கள் ஹெம்ப் (கஞ்சா இனச் செடி) நாரில் நெய்யும் துணி இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. தண்டிலிருந்து உரித்த நாரை நடந்துகொண்டே விரல்களால் முடிச்சின்றி இணைத்து, நூற்று, நெய்து, பின்னர் உருளைக்கட்டை மேல் துணியைப் பரப்பி, அதன்மீது வைத்த கல்லில் ஏறி நின்று இருபுறமும் அசைந்து அதை மெருகேற்றுகிறார்கள். இவ்வளவு உழைப்புள்ள துணிக்கு அடிமட்ட விலை பேசாதீர்கள். ஆலைத் துணியும் அருகிலேயே விற்கப்படுவதால் கேட்டறிந்து வாங்குங்கள்.

அக்டோபர், நவம்பரில் பக்வீட் என்ற தானியப் பயிர் பூக்கும், கூட்டமும் மிகும். யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, அனுமதியின்றிப் படமெடுக்க வேண்டாம்.