முகமூடிக்காரன் வந்தால் ஏன் விசில் பறக்கிறது?

சரித்திரப் படங்களில் வரும் முகமூடிக் கள்ளனை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், ரகசியம்தான் காரணம். 1920-இல் ஹாலிவுட் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் நடித்த சோரோவைப் பாருங்கள்: பகலில் சோம்பல் முறிக்கும் பணக்காரப் பிள்ளை, இரவில் கருப்பு முகமூடியும் வாளுமாக வந்து கவர்னரின் ஆட்களை ஓட ஓட விரட்டுவான், ஆள் யாரென்று ஊராருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அப்புறம், திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. இருக்கிறவனிடம் பிடுங்கி இல்லாதவனுக்குக் கொடுத்தார் என்று கொள்ளைக்காரர் ஜம்புலிங்கத்தைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன் (கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள், இருக்கட்டும்). கோயில் கொடையில் திரை கட்டிப் படம் போட்ட மறுநாள், தாத்தாவின் துண்டை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு பனைமட்டையைச் சுழற்றாத பையன் எங்கள் தெருவில் கிடையாது.

இன்னொன்று, முகம் மூடியிருந்தால் சண்டைக்கு டூப் போடுவதும் சுலபம்.