கண்ணை மூடினால் ஓடும் வண்டி: கேள்வி பதில்

பீளமேட்டில் மின்னணுப் பட்டறை வைத்திருக்கிறேன். மூளை அலையைப் படிக்கும் பட்டையைத் தலையில் மாட்டிப் பொம்மை வண்டி ஓட்டுவது என் பித்து. அதைப் பற்றி வந்த சில கேள்விகளுக்குப் பதில்.

பெருந்துறை மாணவர்: அண்ணா, மனதில் நினைத்தால் வண்டி இடது, வலது திரும்புமா?

மலிவுப் பட்டையில் திரும்பாது, தம்பி. நியூரோஸ்கை மைண்ட்வேவ் என்ற பட்டையில் நெற்றிக்கு ஒரு மின்முனை, காதுமடலுக்கு ஒரு கவ்வி, அவ்வளவுதான். நொடிக்கொரு முறை ‘கவனம்’ என்று 0 முதல் 100 வரை ஓர் எண் தரும். 60ஐத் தாண்டினால் ஓடு, இறங்கினால் நில் என்று, வண்டியின் மோட்டாரை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு மின்பலகையில் நிரல் எழுதலாம். கையசைப்பதாகக் கற்பனை செய்தே திருப்ப வேண்டுமானால், உச்சந்தலையின் இரு பக்கமும் மின்முனைகள் வேண்டும். பல நாள் பழக்கமும் வேண்டும். நான் கண்சிமிட்டித் திருப்புகிறேன். இரண்டு சிமிட்டு இடது, மூன்று சிமிட்டு வலது.

கோபி ஆசிரியை: அப்படியானால் ஓட்டுவது மூளையா, இமையா?

பிடித்துவிட்டீர்கள், டீச்சர். இமைதான். மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட். சிமிட்டினால் நூற்றுக்கணக்கில் எகிறும். பல்லைக் கடித்தாலும் திரையில் அலைக்கோடு துள்ளும். மனத்தால் ஓட்டுவதாக மேடையில் சொல்பவர்களின் நெற்றிச் சுருக்கத்தைக் கவனியுங்கள். மாணவர்களுக்கு உண்மையான மூளை அலையைக் காட்டப் பின்மண்டையில் மின்முனை வைத்து, கண்ணை மூடச் சொல்லுங்கள். நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்பா அலை எழும்; கண்ணைத் திறந்தால் அடங்கும். 1929இல் ஜெர்மன் மருத்துவர் ஹன்ஸ் பெர்கர் உலகுக்குச் சொன்ன அதே அலை. அதில் வண்டியை ஓட்டிக் காட்டுங்கள். கண்ணை மூடினால்தான் ஓடும் வண்டி. உரிமம் மட்டும் யாரும் தரமாட்டார்கள்.

பொள்ளாச்சி அம்மா: பையனுக்கு ஷாக் அடிக்குமா?

பட்டை கேட்கும் கருவிதான், மூளைக்குள் எதையும் அனுப்பாது. ஆனால் மின்முனை வயரால் கணினியோடு இணைந்திருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள்.

சோமனூர் தறிக்காரர்: மகன் தறிக்குடோனை ஒட்டிய அறையில் செய்கிறான். திரையில் கோடெல்லாம் தடித்துத் தெரிகிறது.

தறி மோட்டாரும் வயரிங்கும் கலக்கும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக இருக்கலாம், அண்ணா. மின்வெட்டு நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றியையும் துடைக்கட்டும். நான் ஒருமுறை பகல் முழுவதும் சாலிடரைப் பிரித்துப் பிரித்து மாட்டினேன்; குற்றவாளி மருதமலைத் திருநீறு.

திருப்பூர் மகள்: அப்பாவுக்குப் பக்கவாதம். சக்கர நாற்காலியை இதில் ஓட்டலாமா?

வேண்டாம், அம்மணி. பொம்மை வண்டி தவறினால் சுவரில் முட்டும். நாற்காலி படியில் இறங்கிவிடும். கையில் துளி அசைவு மிச்சமிருந்தால், அந்தத் தசையின் மின்சாரம் மூளை அலையைவிடப் பல மடங்கு பெரியது. அதைக் கொண்டு அழைப்புமணி அடிக்க வைக்கலாம். எந்தத் தசை என்று அவருடைய பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.