கை தெரிந்தது, முகம் தெரியவில்லை

கேள்வி: 'த டியூக்ஸ் ஆஃப் ஹாஸர்ட்' என்ற அமெரிக்க டி.வி. தொடரின் முகப்புப் பாட்டு இல்லாவிட்டால் வெய்லன் ஜென்னிங்ஸை யாருக்குத் தெரியும்? ஒரு டி.வி. பாட்டை வைத்து அவரைக் கன்ட்ரி இசை (அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு) ஜாம்பவான் என்பது கொஞ்சம் ஓவர் இல்லையா?

பதில்: கணக்கைத் தலைகீழாகப் போடுகிறீர்கள். தொடர் ஆரம்பித்தது 1979-ல். பாட்டு இசைத்தட்டாக வந்தது 1980-ல். 1976-லேயே வில்லி நெல்சன் முதலான கன்ட்ரி பாடகர்களுடன் அவர் சேர்ந்த 'வான்டட்! தி அவுட்லாஸ்', பிளாட்டினம் சான்று (பத்து லட்சம் பிரதி விற்பனைக்குத் தருவது) பெற்ற முதல் கன்ட்ரி ஆல்பமாகிவிட்டது. (அதில் பெரும்பாலும் பழைய பதிவுகள்தான் என்பது தனி வேடிக்கை.)

அந்த நிலைக்கு அவர் வந்தது சண்டை போட்டு. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் அன்றைய வழக்கப்படி பாட்டைப் பொறுக்குவது தயாரிப்பாளர். வாசிப்பது ஸ்டுடியோவின் வாடிக்கைக் கலைஞர்கள். ஊர் ஊராகக் கூடவே வந்த சொந்தக் குழு வெளியே நிற்கும். பாடகர் குரலைக் கொடுத்துவிட்டுப் போனால், மேலே வயலினும் கோரஸும் பூசிவிடுவார்கள். 1965-ல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனியில் சேர்ந்தவருக்கு இது ஏழு வருஷம் தொண்டையில் முள். 1972-ல் ஒப்பந்தப் பேச்சு வந்தபோது, மேனேஜர் நீல் ரெஷனை முன்னால் நிறுத்தி, பதிவு தன் பொறுப்பில் என்று எழுதி வாங்கினார். அடுத்த வருஷம் வந்த 'ஹாங்கி டாங்க் ஹீரோஸ்' ஆல்பத்தைக் கேளுங்கள். பத்துப் பாட்டில் ஒன்பது, அப்போது பெயரே வெளியே தெரியாத பாடலாசிரியர் பில்லி ஜோ ஷேவர் கைவண்ணம். எந்தத் தயாரிப்பாளர் அதற்குச் சம்மதித்திருப்பார்?

உங்கள் குழப்பத்துக்கும் காரணம் உண்டு. தனிப் பாட்டாக, பொதுவான பாப் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம் இந்த முகப்புப் பாட்டுதான்: 21-ஆம் இடம். கன்ட்ரி வானொலி பக்கமே போகாதவர்களுக்கு அவருடைய மற்ற பாட்டுகள் எட்டவில்லை. கன்ட்ரி வரிசையில் அது முதலிடம். ஆனால் அங்கே முதலிடம் அவருக்கு அதற்கு முன்பும் பழக்கம், பின்பும் பழக்கம். 1987-ல் 'ரோஸ் இன் பாரடைஸ்' கூட அங்கேதான் போய் உட்கார்ந்தது.

அந்தத் தொடரில் கதை சொல்லும் குரலும் அவருடையதே. முகப்பில் காட்டியதோ கிட்டார் வாசிக்கும் கைகளை மட்டும். கையைக் காட்டுகிறார்கள், முகத்தைக் காட்டவில்லையே என்று இசைத்தட்டுப் பதிப்பில் ஒரு சரணமே சேர்த்துக் கிண்டலடித்தார். கடைசியில் 1984-ல் ஒரே ஒரு எபிசோடில் முகம் காட்டினார், வெய்லன் ஜென்னிங்ஸாகவே.