மீந்துபோன ரீல்களை மொத்தமாகத் தள்ளிவிடலாமா?

கேள்வி: கோவையில், சர்க்யூட் போர்டில் (பி.சி.பி.) பாகங்களைப் பொருத்தித் தரும் சிறிய அசெம்பிளி யூனிட் நடத்துகிறேன். எல்.இ.டி. டிரைவர் போர்டு செய்துவந்த வாடிக்கையாளர் திடீரென டிசைனை மாற்றிவிட்டார். அவருக்காக வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர் சிப், மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்), கெப்பாசிட்டர் எல்லாம், நாடாவில் பதித்துச் சுற்றிய ரீல்களாக ஸ்டோர்ஸில் கிடக்கின்றன. வாங்கிய விலைக்கு 18 லட்சம் ரூபாய் வரும். ஒரு புரோக்கர் மொத்த லாட்டுக்கும் 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் கண் வைத்திருப்பது உங்கள் லாட்டில் உள்ள நாலைந்து பார்ட் நம்பர்கள் மீதுதான். மற்றவற்றைச் சும்மா கிடைத்த கணக்கில் எடுத்துக்கொள்வார். எந்த போர்டின் பாகப் பட்டியலை (பி.ஓ.எம்.) எடுத்தாலும் பணத்தின் பெரும்பகுதி சில வரிகளுக்குள்தான் இருக்கும். அந்த வரிகளை நீங்களே முதலில் பிரித்தெடுங்கள்.

அதற்கும் முன்னால், இந்த ஸ்டாக் யாரால் வந்தது? வாடிக்கையாளர் கொடுத்த ஃபோர்காஸ்டை, அதாவது இவ்வளவு தேவைப்படும் என்ற முன்கணிப்பை நம்பி வாங்கியிருந்தால் அவருக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் மிகுதிச் சரக்கு பற்றி ஒரு பிரிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டாலும் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் அனுப்பிய ஒரு மின்னஞ்சல் போதும், பேச்சைத் தொடங்க. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை. பாதியையாவது ஏற்கச் சொல்லுங்கள். புதிய டிசைனில் பழைய பார்ட் எதையாவது பயன்படுத்த முடியுமா என்றும் கேளுங்கள். அவருடைய ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றிய சிப்கள் இருந்தால், அந்த மென்பொருளை அழிக்காமல் வெளியே விடக்கூடாது.

அடுத்து, உங்களுக்கு விற்ற டிஸ்ட்ரிபியூட்டர். ரத்து செய்யவோ திருப்பவோ முடியாது என்ற நிபந்தனையில் வாங்கிய பார்ட் என்றால் அந்தக் கதவு பெரும்பாலும் மூடியதுதான். மற்றவற்றைத் திருப்பி எடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சீல் உடையாத முழு ரீலாக இருக்க வேண்டும், வாங்கி அதிக நாள் ஆகியிருக்கக் கூடாது. அதனால் இதை இன்றே கேட்டுவிடுங்கள்.

இவை இரண்டும் கைகொடுக்காதபோதுதான் வெளிச்சந்தை. அங்கே சிப்பை மட்டும் காட்டினால் விலை கிடைக்காது, அதன் பூர்வீகத்தையும் காட்ட வேண்டும். பழைய போர்டிலிருந்து கழற்றி, மேற்பரப்பைத் தேய்த்து, புது எண் அச்சடித்த போலிகள் சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. அதனால் நல்ல வாங்குபவர் முதலில் கேட்பதே "யாரிடம் வாங்கினீர்கள்?" என்பதைத்தான். கொள்முதல் இன்வாய்ஸ், தரச் சான்று, ரீல் லேபிளின் தெளிவான படம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு பார்ட்டுக்கும் தயாராக இருக்கட்டும். பார்ட் தயாரான வாரத்தைச் சொல்லும் டேட் கோடையும் பட்டியலில் எழுதுங்கள். 2318 என்று இருந்தால் 2023ஆம் ஆண்டின் 18ஆவது வாரம் என்று பொருள்.

நான் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில், இடத்தை மிச்சப்படுத்த ஸ்டோர்ஸ் பையன்கள் அரைகுறை ரீல்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றி வைத்துவிட்டார்கள். ஒரே ரீலில் இரண்டு டேட் கோடு. பார்ட் அத்தனையும் அசல்தான், ஆனாலும் வாங்க வந்தவர் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உங்கள் ஸ்டோர்ஸில் இன்றே சொல்லிவையுங்கள்: லேபிளைக் கிழிக்காதே, ரீல்களைக் கலக்காதே.

ஈரப்பதமும் அப்படித்தான். ஈரத்தை உறிஞ்சும் ஐ.சி.க்களின் பை மீது எம்.எஸ்.எல். 3 (ஈரத்தால் பாதிக்கப்படும் அளவைக் காட்டும் எண்) என்று போட்டிருந்தால், பையைத் திறந்தபின் 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்குள் 168 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். தாண்டினால் ஈரம் போக அடுப்பில் சூடேற்ற வேண்டும். வழக்கமான 125 டிகிரியில் ரீலின் பிளாஸ்டிக் தாங்காது. ரீலோடு 40 டிகிரியில் சூடேற்றப் பல நாள் பிடிக்கும். எனவே, விற்கும்வரை பையைத் திறக்காதீர்கள்.

இப்போது விலை. மைக்ரோகன்ட்ரோலரையும் மாஸ்ஃபெட்டையும் வரிவாரியாகக் குறைந்தது மூன்று சுயேச்சை டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் (எந்தத் தயாரிப்பாளரையும் சாராத விற்பனையாளர்கள்) கேளுங்கள். பணத்துக்கு அவசரம் இல்லையென்றால் கன்சைன்மென்டில் கொடுக்கலாம்: சரக்கு அவர்களிடம் இருக்கும், விற்க விற்கப் பங்கு வரும். தாமதமாகும், ஆனால் மொத்த விற்பனையைவிட விலை கூடும். 2021இல் எஸ்.டி.எம்.32 மைக்ரோகன்ட்ரோலர் கிடைக்காமல் பல நிறுவனங்கள் அலைந்தன; 2023 வாக்கில் பலருடைய ஸ்டோர்ஸும் நிரம்பி வழிந்தது. சந்தை அவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதால், தட்டுப்பாடு உள்ள பார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ரெசிஸ்டர், சாதாரண செராமிக் கெப்பாசிட்டர் ரீல்களுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை. பக்கத்து அசெம்பிளி யூனிட்களிடமோ, சென்னை ரிச்சி தெரு வியாபாரிகளிடமோ கிடைத்த விலைக்குக் கொடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை முதலில் தள்ளுங்கள், வைக்க வைக்க அதன் தரம் இறங்கும்.

வரி விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். குறைந்த விலைக்கு முறையான இன்வாய்ஸ் போட்டு விற்றால், விற்ற விலைக்கு ஜி.எஸ்.டி. கட்டினால் போதும். ஆனால் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தாலோ கல்லூரிக்கு இலவசமாகக் கொடுத்தாலோ, வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரிக் கடனை (கொள்முதலில் கொடுத்த ஜி.எஸ்.டி.க்காகக் கழித்துக்கொண்ட தொகை) திருப்பிக் கட்ட வேண்டும், மத்திய ஜி.எஸ்.டி. (சி.ஜி.எஸ்.டி.) சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு அப்படிச் சொல்கிறது. கல்லூரிக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான், இந்தச் செலவைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். சலுகைச் சுங்க வரியில் இறக்குமதி செய்த சரக்கு இருந்தால், விற்கும் முன் உங்கள் சுங்க ஏஜென்டிடம் பேசாமல் தொடாதீர்கள்.

கடைசியில் எதற்கும் ஆகாமல் மிஞ்சுவதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். போலிச் சிப் செய்பவர்களுக்கு அதுவே மூலப்பொருளாகிவிடும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படையுங்கள்.

சரி, அந்தப் புரோக்கருக்கு என்ன சொல்வது? பட்டியலை அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி விலை போட்டுத் தரச் சொல்லுங்கள். மற்ற மூவரைவிட அவர் கூடுதலாகத் தரும் வரிகளை மட்டும், பணம் வந்தபின் கொடுங்கள்.