யானை வந்தால் எந்தத் திணைக்களத்திடம் சொல்வது?

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: வனத் திணைக்களமும் வனசீவராசிகள் திணைக்களமும் ஒன்றா, யானை வீட்டை உடைத்தால் யாரிடம் போவது?

இரண்டும் வேறு. மரமும் ஒதுக்கக் காடும் முன்னதன் பொறுப்பு. யானைக்குப் பின்னதைத்தான் தேட வேண்டும். 1949இல் உருவான அத்திணைக்களத்துக்கு விலங்கு, தாவரப் பாதுகாப்புக்கான 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே ஆதாரம்.

அம்பாறை மாவட்டத்தில் கல்லோயா, குமண, லாகுகல தேசிய பூங்காக்களை அதுவே பார்க்கிறது. லாகுகல 1,554 ஹெக்டேயர்தான். ஆனால் வெயில் காலத்தில் குளத்து நீர் வற்றி, புல் ஆளுயரம் நிற்கையில் யானைகள் கூட்டமாக இறங்கும். பொத்துவில்–மொனராகலை பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தால், முதுகு மட்டும் கருங்கல்லாக அசைவதைக் காணலாம். டிக்கெட் எடுக்காத சஃபாரி!

வயலோரத்தில் கதை வேறு. கதிர் முற்றியதும் பரணில் கண்விழித்து, யானை வெடி கொளுத்தி விரட்டுவது நம்மவர் பாடு. வெடி கொடுப்பதும் மின்வேலி அமைப்பதும் திணைக்களத்தின் வேலை. வேலியில் படரும் கொடியை வெட்டாவிட்டால் மின்சாரம் கசிந்து, அது வெறும் கம்பிதான்.

உயிரிழப்பு, காயம், வீட்டுச் சேதத்துக்கு இத்திணைக்களம் நட்டஈடு தரும். முதலில் கிராம சேவகரிடம் சொல்லுங்கள். இடிந்த சுவரைப் படமெடுத்த பிறகே திருத்துங்கள்.